முகத்தில் அடிக்கும் காற்று
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் சீனி வருத்தம் பற்றித்தான் பேசுவார் என்று பயந்திருப்பீர்கள். இன்று அதற்கு விடுமுறை. எங்கள் வகுப்பில் இருவர் நாற்பது வயதுக்குப் பிறகு இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகினோம். இருவருக்குமாக இங்கே பேசுகிறோம்.

சோளகக் காலத்தில் சைக்கிளில் பள்ளிக்கூடம் வந்தது ஞாபகம் இருக்கும். எதிர்க்காற்றில் எவ்வளவு மிதித்தாலும் றோட்டு நகராது. முகத்தில் மட்டும் காற்று அறையும். விமானத்தின் செட்டைக்குத் தெரிவது அந்த முகத்துக் காற்று மட்டுமே. நாங்கள் பழகிய செஸ்னா 172 எஸ் இறங்க வரும்போது வேகக்காட்டி 65 நொட்ஸ் அளவில் நிற்க வேண்டும். எதிர்க்காற்று 15 நொட்ஸ் என்றால் நிலத்தின் மேல் வேகம் 50. அதே காற்று பின்னால் வந்தால் 80. செட்டைக்கு இரண்டும் 65தான்.

கணக்காக இது இலகு. ஆனால் ஒரு பின்னேரம் இறங்குவதற்காகச் சுற்றி வந்தபோது பின்காற்று பலமாக இருந்தது. கீழே கூரைகளும் தென்னைகளும் பறந்தோட, வேகம் கூடிவிட்டது என்று கண் சொன்னது. எஞ்சினைக் குறைத்து மூக்கை உயர்த்தினோம். ஓடுபாதையைத் தாண்டிவிடப் போகிறோமே என்று சாய்வையும் கூட்டினோம். எச்சரிக்கை ஊதல் அழத் தொடங்கியது. பயிற்றுநர் ஒரு சொல்லும் பேசாமல் கைபிடியை வாங்கி, மூக்கைத் தாழ்த்தி, செட்டைகளை மட்டமாக்கி, எஞ்சினை முழுதாகத் திறந்தார். ஒருவர் ஓட்ட, மற்றவர் பின் ஆசனத்தில் இருப்பது எங்கள் வழக்கம். அன்று ஓட்டியவர் யார் என்பதை இன்றுவரை வீட்டாருக்குச் சொல்லவில்லை.

நேராகப் பறக்கையில் அந்தச் செட்டை 48 நொட்ஸ் வரை தாங்கும். 60 பாகை சாய்த்து, உயரம் குறையாமல் திரும்பினால் இருமடங்கு பாரம் சுமக்கும். அப்போது 68 நொட்ஸிலேயே கைவிட்டுவிடும். செட்டை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவுக்கு மிஞ்சினால், காற்று அதன் மேற்பரப்பை விட்டுப் பிரிந்துவிடுகிறது. இதைத்தான் ‘ஸ்டோல்’ என்கிறார்கள். மீள்வதற்கு மூக்கைத் தாழ்த்த வேண்டும். நிலம் நோக்கி விழும்போது நிலம் நோக்கியே தள்ளுவதென்றால் கை சம்மதிக்காது. 2009 ஜூன் 1இல் அத்திலாந்திக்கின் மேல் எயார் பிரான்ஸ் 447 விமானத்தில், காற்றை அளக்கும் பிற்றோ குழாய்களைப் பனிக்கட்டி அடைத்து வேகக்காட்டிகள் பிழைத்தன. ஸ்டோல் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டிருக்க மூக்கு உயர்த்தியே பிடிக்கப்பட்டது. 228 பேர் இறந்தார்கள். ஓட்டியவர்கள் எங்களைப்போல் பழகுபவர்கள் அல்லர்.

அதனால்தான் உயரத்துக்குப் போய், வேண்டுமென்றே விமானத்தை ஸ்டோல் ஆக்கி ஆக்கிப் பழகினோம். வைத்தியசாலையில் மொனிற்றர் ஓர் இலக்கம் சொல்ல, கட்டிலில் கிடப்பவரின் குளிர்ந்த கை வேறொன்று சொல்லும் அல்லவா? இங்கும் அப்படித்தான். வேகம் குறையக் குறையக் கைபிடி தளரும். திருப்பினால் பிந்தித்தான் கேட்கும். காட்டியைப் பார்க்கு முன்பே கைக்கு அது தெரியவர எங்களுக்குப் பல மாதங்கள் பிடித்தன.

இப்போதும் ஏறுமுன் பிற்றோ குழாயின் உறையைக் கழற்றித் துளையைக் குனிந்து பார்க்கிறோம். எங்கள் நாட்டுக் குளவிகளுக்கு அது நல்ல வீடு. விமானம் பார்க்க வர விரும்பும் தங்கைமார் தேநீர் இடைவேளையில் எங்களைப் பிடியுங்கள்.