சிறைச்சாலைக்குள் நுழைந்த இரக்கம்



சிறையில் இருக்கிறவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அப்படிப் போய்ப் பார்த்த சிலரைக் குறித்து இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

1773-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பெட்போர்டுஷையருக்கு ஜான் ஹோவர்டு என்பவர் ஷெரீப் ஆனார். சிறையை மேற்பார்வையிடும் வேலையைக் கீழே உள்ளவர்களிடம் விட்டுவிடுவதே ஷெரீப்களின் வழக்கம். இவரோ தாமே உள்ளே போனார். குற்றமற்றவர் என்று நீதிமன்றம் விடுவித்தவர்களும் அங்கே அடைபட்டிருந்தார்கள். காரணம் என்ன தெரியுமா? சிறைக்காவலருக்குச் சம்பளம் கிடையாது. கைதிகள் கட்டும் கட்டணமே அவருடைய பிழைப்பு. பணம் கட்டாதவனுக்குக் கதவு திறக்காது!

காவலருக்குச் சம்பளம் கொடுங்கள் என்று ஹோவர்டு நீதிபதிகளிடம் கேட்டார். வேறு எந்த மாவட்டத்திலாவது அப்படிக் கொடுக்கிறார்களா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அதைத் தேடிக் குதிரையில் ஏறிய மனிதர், போன இடமெல்லாம் அதே அநியாயத்தையே கண்டார். உடையில் ஏறிய சிறை நாற்றத்தினால் மூடிய வண்டியில் உட்கார முடியாது. குறிப்பேட்டையும் நெருப்பருகே விரித்து வைத்த பிறகுதான் வாசிக்க முடிந்தது.

மருத்துவமனையில் வேலை செய்கிற எங்களுக்கு முதலில் கண்ணில் படுவது சிறைக்காய்ச்சல்தான். அது பேன் பரப்பும் டைஃபஸ் என்று அன்று ஒருவருக்கும் தெரியாது. தூக்கில் மாண்டவர்களைவிட அந்தக் காய்ச்சலில் மாண்டவர்களே அதிகம் என்று ஹோவர்டு கண்டார். 1774-இல் பாராளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. விடுதலையானவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது என்றது ஒன்று. சுவர்களுக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், நோயாளிகளுக்குத் தனி அறையும் ஒரு மருத்துவரும் வேண்டும் என்றது மற்றொன்று. சட்டம் காகிதத்திலேயே கிடந்துவிடும் என்று அறிந்திருந்த ஹோவர்டு, சொந்தச் செலவில் பிரதிகள் அச்சிட்டுச் சிறைக்காவலர்களுக்கு அனுப்பினார். 1790-இல் ரஷ்ய ஆட்சியின் கீழ் இருந்த கெர்சோன் நகரில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போய், காய்ச்சல் கண்டு மரித்தார்.

சிறை சுத்தமானால் போதுமா? 1813-இல் லண்டன் நியூகேட் சிறைக்குள் எலிசபெத் ஃபிரை அம்மையார் போனபோது, சுமார் 300 பெண்கள் தங்கள் பிள்ளைகளோடு அடைபட்டுக் கிடந்தார்கள். 1817-இல் அந்தப் பிள்ளைகளுக்கு அங்கேயே ஒரு பள்ளி தொடங்கினார். ஆசிரியை யார்? கடிகாரம் திருடியதற்காக உள்ளே வந்த ஒரு பெண். கைதிகளே அவளைத் தெரிந்தெடுத்தார்கள்! தாய்மார் தையலும் பின்னலும் கற்றார்கள். விதிகளை ஒவ்வொன்றாக வாசித்து, அவர்கள் கை உயர்த்திச் சம்மதித்த பிறகே அம்மையார் அவற்றை நடைமுறைப்படுத்தினார். இதுதான் எங்களை மிகவும் தொட்டது. அதுவரை அவர்களிடம் சம்மதம் கேட்டவர் யார்?

பின்பு காலம் பின்னோக்கியும் போயிற்று. தனிமை, மௌனம், வீணாக மிதிக்கும் மிதிசக்கரம் என்று பல பத்தாண்டுகள் கழிந்தன. கைதியைத் திருத்துவதும் சிறையின் வேலைதான் என்று 1895-இல் கிளாட்ஸ்டன் குழு சொல்ல வேண்டியதாயிற்று.

1930-இல் இளங்குற்றவாளிகள் சிலர் ஃபெல்தமிலிருந்து நாட்டிங்காம்ஷையரிலுள்ள லௌடம் வரை அதிகாரிகளோடு கால்நடையாகவே போனார்கள். அங்கே கூடாரங்களில் தங்கி, தாங்கள் இருக்கப் போகும் விடுதியைத் தாங்களே கட்டினார்கள். அதற்குச் சுற்றுமதில் எழுப்பப்படவில்லை.