வாங்கும் முன் ஓட்டிப் பார்ப்போம்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்க அலுவலகம், கேட்டில் உள்ள செக்யூரிட்டி அறை, இரண்டு பிளாக் கேமராக்கள், மீட்டிங் ஹால் வைஃபை எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்கில் இணைக்க எஸ்டிமேட் வந்திருக்கிறது. "நீங்க பேங்க்ல இருந்தவர், ஒரு தடவை பாருங்க சார்" என்று கமிட்டியில் என்னிடம் கொடுத்தார்கள். நான் பி.காம். படித்த கிளார்க். கேபிள் வேலை தெரியாது. ஆனால் பேங்கில் கற்ற ஒரு பழக்கம் உண்டு.

டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு 1984இல் அறிக்கை கொடுத்த பிறகு, வங்கிகளுக்கு மெஷின்கள் வரத் தொடங்கின. எங்கள் கிளைக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தபோது பழைய லெட்ஜரை உடனே மூடிவிடவில்லை. கொஞ்ச காலம் இரண்டிலும் எழுதினோம். 'பேரலல் ரன்' என்போம். சாயங்காலம் இரண்டும் பைசா சுத்தமாக டேலி ஆன பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் தப்பு எல்லாம் எங்கள் மேஜையிலேயே பிடிபட்டுவிடும்.

நெட்வொர்க்குக்கும் அப்படி ஒரு வழி இருப்பதை இன்ஜினியரிங் படிக்கும் என் தம்பி மகள் காட்டினாள். சிஸ்கோ பாக்கெட் டிரேசர் என்ற மென்பொருள். அந்த நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் அகாடமியில் பெயரைப் பதிந்தால் இலவசமாகக் கிடைக்கிறது. ரவுட்டர், சுவிட்ச், கம்ப்யூட்டர் எல்லாம் படமாக இருக்கும். எடுத்து வைத்து, கேபிள் போட்டு, நிஜம் போலவே ஓட்டிப் பார்க்கலாம். ஒரு ரூபாய் செலவில்லை.

எஸ்டிமேட்டில் உள்ளபடியே போட்டேன். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐ.பி. எண் வேண்டும். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. 192.168.1.1 முதல் 192.168.1.254 வரை 254 எண்கள் உள்ளன, நமக்குத் தாராளம். கேட் கம்ப்யூட்டரிலிருந்து கணக்குக் கம்ப்யூட்டருக்கு 'பிங்' கொடுத்தேன். "இருக்கிறாயா?" என்று குரல் கொடுத்துப் பார்ப்பதுதான் பிங். உடனே பதில் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

அவள் கேட்டாள்: "பெரியப்பா, கேட்டிலிருந்து கணக்குக் கம்ப்யூட்டர் வரைக்கும் போகுதே, அது போகணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கம்ப்யூட்டரில்தான் நம் மெயின்டனன்ஸ் கணக்கும், எல்லார் போன் நம்பரும், வாடகைதாரர் விவரமும் இருக்கின்றன. ஹாலுக்கு வரும் விருந்தாளியின் வைஃபையும் அதே வழியில்தான் போகிறது. ஸ்ட்ராங் ரூம் கதவை கவுண்டர் பக்கம் திறந்து வைத்தது போல!

பிறகு கணக்கு, கேமரா, விருந்தாளி என்று மூன்று தனிப் பிரிவாகப் பிரித்தோம். இதற்கு 'விலான்' என்று பெயர். ஆனால் மூன்றையும் ரவுட்டரில் இணைத்ததும் பழையபடி பிங் போய்விட்டது! ரவுட்டரில் "இவர் அங்கே போகக்கூடாது" என்று விதி எழுதிய பிறகே நின்றது. பிரித்தால் மட்டும் போதாது, பூட்டவும் வேண்டும். எஸ்டிமேட்டில் இருக்கும் சாதா சுவிட்சில் இப்படிப் பிரிக்க முடியாது. அதற்கு 'மேனேஜ்டு சுவிட்ச்' வேண்டும்.

நான் போட்ட படத்தில் தூரம் தெரியாது. அதனால் டேப் வைத்து அளந்தேன். அலுவலகத்திலிருந்து பி பிளாக் கடைசிக் கேமரா வரை கேபிள் போகும் வழி 115 மீட்டர். இந்த வகை கேபிளுக்கு வரம்பு 100 மீட்டர். நடுவில் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். எஸ்டிமேட்டில் அதுவும் இல்லை. சுவரைத் துளைத்து, பணமும் கொடுத்த பிறகு இது தெரிந்திருந்தால் யாரைக் கேட்பது?

எஸ்டிமேட் கொடுத்தவரை நான் குறை சொல்லவில்லை. நாம் கேட்டதை அவர் கொடுத்தார். நாம்தான் சரியாகக் கேட்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள்: இன்று இந்த எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் தர வேண்டாம். மேனேஜ்டு சுவிட்ச், பி பிளாக்கில் நடு சுவிட்ச், ரவுட்டரில் விதிகள், இந்த மூன்றையும் எழுதிக்கொடுத்துப் புது எஸ்டிமேட் வாங்குவோம். செலவு கொஞ்சம் கூடும். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். வேலை முடிந்ததும், பாக்கிப் பணம் கொடுக்கும் முன், கேட்டிலிருந்து ஒரு பிங் கொடுத்துப் பார்ப்போம். பதில் வராமல் இருந்தால்தான் செக்கில் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலகத்தில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுகிறேன். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். நம்மைவிட அவர்கள் சீக்கிரம் தப்பைக் கண்டுபிடிப்பார்கள்.