பனியிலிருந்து வரும் விருந்தாளிகள்



நவம்பர் பிறந்தால் போதும், பயண நிறுவனங்களின் விளம்பரங்களில் பனி கொட்டத் தொடங்கிவிடும். பள்ளி விடுமுறைக்குக் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் போய், பனியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பும் குடும்பங்கள் பல. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அதே மாதங்களில் எதிர்த்திசையில் இன்னொரு பயணம் நடக்கிறது. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் நிலம் உறைந்துபோக, அங்கே பிறந்த பறவைகள் உணவு தேடித் தெற்கே வருகின்றன. அவற்றில் ஒரு பகுதி சிங்கப்பூரின் கிராஞ்சிக் கரையோரத்திலும், மலேசியாவின் மேற்குக்கரைச் சேற்றுத் திட்டுகளிலும் வந்து இறங்குகிறது.

இந்த விருந்தாளிகளைப் பார்க்கப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு காலைப்பொழுதும், இடமறிந்த ஒரு வழிகாட்டியும் போதும். வழிகாட்டியுடன் சதுப்புநிலத்திற்குச் செல்லும் இந்தச் சிறு பயணம் வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதே இன்றைய உரையின் கருத்து. பார்க்க ஆள் இருக்கும் இடம் காப்பாற்றப்படுகிறது. யாரும் எட்டிப் பார்க்காத இடம் ஒரு நாள் சத்தமில்லாமல் மறைந்துவிடுகிறது.

வானத்தில் ஒரு நெடுஞ்சாலை

வலசைப் பறவைகள் மனம் போன போக்கில் பறப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகச் செல்லும் வழிகள் அவற்றுக்கு உண்டு. ஆர்க்டிக் பகுதியிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை செல்லும் வழிக்குக் கிழக்காசிய-ஆஸ்திரலேசிய வலசைப் பாதை என்று பெயர். இது 22 நாடுகளைக் கடக்கிறது. ஐந்து கோடிக்கும் அதிகமான நீர்ப்பறவைகள் இதைப் பயன்படுத்துகின்றன. சிங்கப்பூரும் மலேசியாவும் இந்தப் பாதையின் மேல்தான் அமைந்துள்ளன.

இந்தப் பாதையில் வரும் பறவைகளில் ஒன்று பட்டைவால் மூக்கன். நீண்ட அலகு உடையது. எடை பொதுவாக அரைக் கிலோகூட இருக்காது. 2007-ஆம் ஆண்டு, உடலில் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண் பறவை அலாஸ்காவிலிருந்து கிளம்பி 11,680 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் பறந்து நியூசிலாந்தை அடைந்தது. 2022-இல் பிறந்து ஐந்தே மாதமான ஒரு குஞ்சு அந்தச் சாதனையையும் முறியடித்தது. அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர். பதினொரு நாள்களாக உணவில்லை, நீரில்லை, தரையில் கால் வைக்கவும் இல்லை.

எப்படி முடிகிறது? கிளம்பும் முன்பு அந்தப் பறவை தின்று தின்று உடல் எடையை ஏறக்குறைய இருமடங்காக்கிக் கொள்கிறது. அந்தக் கொழுப்புதான் வழிக்கான எரிபொருள். பறக்கும்போது தேவைப்படாத குடல், இரைப்பை போன்ற உறுப்புகளும் சுருங்கிவிடுகின்றன. ஆனால் எல்லாப் பறவைகளாலும் இப்படி ஒரே மூச்சில் பறக்க முடியாது. பெரும்பாலானவை வழியில் இரண்டு மூன்று இடங்களில் இறங்கி, தின்று, இளைப்பாறித்தான் பயணத்தைத் தொடர்கின்றன. அந்த இடங்களில் ஒன்று காணாமல் போனால், பாதி வழியில் எண்ணெய் தீர்ந்த வாகனத்தின் கதிதான்.

தண்ணீர் ஏறும் நேரம்

தனியாகப் போகிறவர்களில் பலர் முதல் முறை ஏமாந்து திரும்புவார்கள். போன நேரம் சரியில்லை என்பதே காரணம். கடல் வற்றும்போது பறவைகள் திறந்த சேற்றுவெளியில் தூரத் தூரமாகப் பரவி இரை தேடும். கடல் ஏறி, சேறு மூழ்கிய பிறகுதான் உயரமான இடங்களில் கூட்டமாக வந்து ஒதுங்கும். வழிகாட்டி முதலில் பார்ப்பது கடிகாரத்தை அல்ல, கடலின் ஏற்றவற்ற அட்டவணையை.

வழிகாட்டியுடன் செல்லும் குழுக்களில் இப்படியோர் உரையாடல் வழக்கமாகக் கேட்கும்.

"அங்கிள், பறவையே காணோமே?"

"கொஞ்சம் பொறு தம்பி. தண்ணீர் ஏறட்டும், தானாக வரும்."

"ஐயா, இவ்வளவு தூரம் பறந்து வருகிறதே, இந்தச் சேற்றில் அப்படி என்ன கிடைக்கும்?" என்று உடன் வந்த பாட்டி கேட்பார்.

"புழு, சின்ன நண்டு, சிப்பி, இறால் எல்லாம் இருக்கிறது அம்மா. வெறும் சேறு போலத் தெரிந்தாலும் அவற்றுக்கு இதுதான் சாப்பாட்டு மேசை."

அதன் பிறகு அலகுகளைப் பார்க்கச் சொல்வார் வழிகாட்டி. உப்புக்கொத்தியின் அலகு குட்டை. அது மேல்மண்ணில் கண்டதைக் கொத்துகிறது. சிவந்த கால்களையுடைய பவளக்காலி சற்று ஆழத்தில் துழாவுகிறது. விம்பிரல் என்ற பெரிய பறவையின் அலகு அரிவாள்போல் வளைந்தது. வளைக்குள் இருக்கும் நண்டை அது இழுத்து எடுக்கிறது. ஒரே சேற்றில் இத்தனை வகைப் பறவைகள் சண்டையில்லாமல் பிழைப்பதற்கு அலகின் அளவும் ஒரு காரணம். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் வாசித்தாலும் மனத்தில் நிற்காத செய்தி, பைனாகுலரில் ஐந்து நிமிடம் பார்த்தால் பிள்ளைகளுக்கு மறப்பதில்லை.

சத்தம் போடக்கூடாது, மறைவுக் குடிலை விட்டு இறங்கக்கூடாது என்று வழிகாட்டி கண்டிப்பதும் வெறும் ஒழுங்குக்காக அல்ல. ஒரு கூட்டத்தைத் தேவையில்லாமல் எழுப்பிப் பறக்கவிட்டால், அது சேர்த்து வைத்த கொழுப்பில் ஒரு பங்கு வீணாகிறது. படம் எடுப்பதற்காகக் கல் எறிவதும் கைதட்டுவதும், வழிப்போக்கரின் கட்டுச்சோற்றைப் பிடுங்குவதற்குச் சமம்.

இறால் குளம் காப்பகமான கதை

கோலாலம்பூருக்கு அருகிலும் சுங்கை பூலோ என்ற ஊர் உண்டு. இங்கே சொல்லப்படுவது சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில், ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி இருக்கும் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம். ஒரு காலத்தில் அங்கு இறால் குளங்கள் இருந்தன. 1986-இல் அப்போதைய மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள், அங்கே வலசைப் பறவைகள் திரள்வதைக் கண்டார்கள். அந்த வட்டாரமோ வேளாண் தொழில்நுட்பப் பூங்காவுக்கு என ஒதுக்கப்பட்டிருந்தது.

அவர்கள் அங்கலாய்த்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. பறவைகளை எண்ணினார்கள், பட்டியலிட்டார்கள், ஏன் காக்க வேண்டும் என்று எழுதி அரசாங்கத்திடம் கொடுத்தார்கள். அரசாங்கமும் செவிமடுத்தது. 1989-இல் 87 ஹெக்டர் நிலம் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6-ஆம் தேதி அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் அதைத் திறந்து வைத்தார். 2002-இல் 130 ஹெக்டராக விரிந்து, சட்டப் பாதுகாப்புள்ள இயற்கை வனப்பகுதியானது. 2003-இல் ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற சிறப்பும் கிடைத்தது. பழைய இறால் குளங்களின் மதகுகள்தாம் இன்று பறவைகள் இளைப்பாற ஏற்ற அளவில் நீரை நிறுத்த உதவுகின்றன. நிலப் பற்றாக்குறை மிகுந்த ஒரு தீவில் இது எளிதாக நடந்த காரியமன்று.

மலேசியாவிலும் இத்தகைய முயற்சி நடந்தது. சிலாங்கூர் மாநில அரசும் இயற்கைக் கழகமும் கைகோத்து 1987-இல் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவை உருவாக்கின. மின்மினிப் பூச்சி பார்க்க இரவில் கோலசிலாங்கூருக்குப் படையெடுக்கும் குடும்பங்களில் எத்தனை பேர், மலாவாத்தி குன்றின் அடிவாரத்திலேயே இருக்கும் அந்தப் பூங்காவுக்குள் காலையில் நுழைகிறார்கள்? ஓரிரவு தங்கினால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

மஞ்சள் கடல் தரும் பாடம்

எல்லா இடத்திலும் கதை இப்படி நல்லபடியாக முடியவில்லை. சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையே உள்ள மஞ்சள் கடல்தான் இந்த வலசைப் பாதையின் மிகப் பெரிய சாப்பாட்டுக் கூடம். அதன் சேற்றுநிலங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஐம்பது ஆண்டுகளில் அழிந்துபோனது. தென்கொரியாவின் செமாங்கும் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் 2006-இல் கட்டி மூடப்பட்டது. அங்கு பெருந்திரளாகக் கூடிய பெரிய உள்ளான்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லப்பட்டது. அப்படி நடக்கவில்லை. அவற்றின் எண்ணிக்கை சரிந்தது. 2015-இல் அந்த இனம் அழியும் ஆபத்திலுள்ள பறவைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அங்கே சுவர் எழுந்தால் இங்கே வரும் பறவை குறையும். இங்கே ஒரு சதுப்புநிலம் தூர்ந்தாலும் அதே கதைதான். 22 நாடுகளில் ஒரு நாடு கைவிட்டாலும் மற்ற நாடுகளின் உழைப்புக்குப் பாதிப் பலன்தான் கிடைக்கும். ஆறுதலான செய்தியும் இருக்கிறது. 2018-இல் சீனா வணிக நோக்கிலான கடலோர நிலமீட்பை நிறுத்தியது. மஞ்சள் கடலோரச் சீனச் சேற்றுநிலங்கள் 2019-இலும், கொரியாவின் சேற்றுநிலங்கள் 2021-இலும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. குரல் எழுப்பினால் பலன் உண்டு.

பெற்றோருக்குச் சில யோசனைகள்

செப்டம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் இருக்கும். கடல் ஏறும் நேரத்தைக் கேட்டறிந்து, தொண்டூழிய வழிகாட்டிகளின் நடைக்கு முன்பதிவு செய்துகொள்வது நல்லது. பச்சை, பழுப்பு போன்ற மங்கலான நிற உடை, தொப்பி, குடிநீர், கொசு மருந்து, வீட்டுக்கு ஒரு பைனாகுலர் போதும். சுங்கை பூலோவில் உப்புநீர் முதலைகளும் வாழ்வதால் பாதையை விட்டு விலகக்கூடாது. கைத்தொலைபேசியின் ஒலியை அடக்கிவிட்டு, பார்த்த பறவைகளைப் பிள்ளைகளையே ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லலாம். பவளக்காலி, பச்சைக்காலி, உப்புக்கொத்தி, உள்ளான் என்று அழகான பெயர்கள் தமிழிலேயே இருக்கின்றன. தாத்தா பாட்டிகளையும் அழைத்துச் சென்றால், அவர்களுக்குத் தெரிந்த பெயர்களும் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

ஆர்வம் கூடினால் அடுத்த படியும் உண்டு. 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பறவைகளை எண்ணுபவர்களில் பெரும்பாலோர் சாதாரணத் தொண்டூழியர்களே. அந்தக் குழுக்களில் தமிழ் முகங்கள் இன்னும் கூட வேண்டும். ஒரு நிலத்தைக் காக்கவா, தூர்க்கவா என்ற கேள்வி வரும்போது, "இங்கே இத்தனை பறவைகள் வருகின்றன" என்று ஆண்டுவாரியாகக் காட்டும் எண்ணிக்கைதான் முதல் சாட்சி. சுங்கை பூலோவைக் காப்பாற்றியதும் அத்தகைய எண்ணிக்கைதான்.

இந்த விடுமுறையில் பனி பார்க்கப் போகிறவர்கள் போய் வரட்டும். போவதற்கு முன்போ வந்த பின்போ, ஒரு சனிக்கிழமைக் காலையைச் சதுப்புநிலத்திற்கு ஒதுக்கட்டும். மார்ச் முடிந்தால் விருந்தாளிகள் வடக்கே கிளம்பிவிடுவார்கள்.