நம் வீட்டு ரொட்டி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் குறளைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ பேசுவதே வழக்கம். அதற்குத் தகுந்த புலமை உடையவர்கள் இந்தக் காலனியிலேயே இருக்கிறார்கள். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு பார்சல் ஆபீசில் ரசீது எழுதிக்கொண்டிருக்கும் எங்களைப் பேச அழைத்தால், நாங்கள் அறிந்ததைத்தானே பேச முடியும்? ஆகவே சப்பாத்தி மாவைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். செயலாளர் அவர்கள் சிரித்தார்கள். மறுக்கவில்லை.

எங்கள் அன்னையார் 1977-ஆம் ஆண்டில் புதுமணப்பெண்ணாக இந்த ஜான்சியில் வந்து இறங்கினார். (நிலையத்தின் பெயர் 2021-இல் வீராங்கனா லட்சுமிபாய் என்று மாறிவிட்டது. நம் வாயில் இன்னும் ஜான்சிதான்.) டிரங்குப் பெட்டியில் இட்லித் தட்டு இருந்தது, முறுக்கு அச்சு இருந்தது, சப்பாத்திக்கட்டை இல்லை. அக்காலத்தில் ரேஷனில் அரிசி குறைவு, கோதுமையே மிகுதி. வந்த கோதுமையை என்ன செய்வது? பாவம், கொழுக்கட்டைக்கு மாவு கிளறிய பழக்கத்தில், கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றிப் பிசைந்தார். பிசைந்த கையோடு இட்டார். சுட்டெடுத்தவை அப்பளம்போல் விறைத்து நின்றன. தந்தையார் அவற்றை ரசத்தில் ஊறவைத்து உண்டார் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். குறை சொன்னதில்லை, நன்றாயிருக்கிறது என்றும் சொன்னதில்லை.

இதில் அன்னையார் செய்த தவறு யாது? அரிசி மாவுக்கு ஒட்டும் தன்மை இயல்பாக இல்லை. கொதிநீர் பட்டு மாவு சிறிது வெந்தால்தான் அது பசைபோல் சேரும். கோதுமையின் இயல்பு வேறு. அதிலுள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து கையால் பிசையப்படும்போது வலைபோல் பின்னிக்கொள்கிறது. குளூட்டன் என்பது இவ்வலையே. கொதிநீரை ஊற்றினால் அப்புரதம் வெந்துபோய், வலை பின்னும் திறனை இழக்கிறது. ஆகவே பச்சைத் தண்ணீரே போதும். ஜனவரிக் குளிரில் மட்டும் கை பொறுக்கும் வெதுவெதுப்பு வேண்டும். சோளம், கம்பு, மக்காச்சோளம் ஆகியவை அரிசியின் கட்சி. அவற்றுக்கு வெந்நீர் ஊற்றி, கட்டையால் தேய்க்காமல் கையால் தட்டவேண்டும். கொழுக்கட்டை செய்யத் தெரிந்த நம் பெண்மணிகளுக்கு மக்கி ரொட்டி எளிதில் வந்துவிடுவதையும், சப்பாத்தி பல மாதம் போக்குக் காட்டுவதையும் பார்த்திருப்பீர்கள்.

இதைப் புத்தகத்தில் படித்து அன்னையார் தெரிந்துகொள்ளவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த புந்தேல்கண்டத்து மூதாட்டியார் ஒருவர், எல்லோருக்கும் அவர் மாஜிதான், ஒரு நாள் உள்ளே வந்து தாம்பாளத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். இந்தி தெரியாத அன்னையாரின் விரலைப் பிடித்துத் தம் காதுமடலில் வைத்தார். பிறகு மாவில் வைத்தார். மாவின் பதம் காதுமடல் போன்று இருக்கவேண்டும் என்பது பாடம். பிறகு ஈரத்துணியால் மூடி, சுவர்க் கடிகாரத்தைக் காட்டி அரை மணி என்றார். பின்னிய வலை தளர்வதற்கு அந்த அரை மணி வேண்டும். இல்லாவிடில் இட இடச் சுருங்கும்.

அவ்வீட்டில் ஞாயிறுதோறும் முற்றத்தில் வறட்டிக் கனல் மூட்டி, உருண்டைகளைப் புதைத்துச் சுடுவார்கள். கக்கட் என்பார்கள். சுட்ட கத்தரிக்காய் மசியலோடு நெய் ஊற்றி உண்பது. மாள்வா பக்கத்தார் சுடுவதற்குப் பெயர் பாட்டி. சிறு பிராயத்தில் நாங்கள், “அவர்கள் வீட்டில் பாட்டியைச் சுட்டுத் தின்கிறார்கள்” என்று ஊருக்குக் கடிதம் எழுதிவிட, எங்கள் சொந்தப் பாட்டியார் அரண்டுபோய்ப் பதில் போட்டார். நிற்க.

கோதுமை வடநாட்டார் உணவு, நமக்கு அதில் பங்கில்லை என்று நம்மில் சிலர் இன்றும் பேசுகிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் அவர்கள் உணவு அமைச்சராக இருந்த 1966-இல்தான் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்து இறங்கியது. விளைச்சல் ஏறியது, ஆனால் சொனோரா 64 என்ற மெக்சிகோ வகையின் மணி சிவப்பு. சிவப்பு மாவு ரொட்டியை மக்கள் விரும்பவில்லை. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் அவர்களும் தில்லியில் அவருடன் இருந்த விஞ்ஞானிகளும் காமாக் கதிர் பாய்ச்சி அதையே பொன்னிற மணியாக மாற்றி, சர்பதி சொனோரா என்று வெளியிட்டார்கள். கோதுமைப் புரட்சிக்காக 1968-இல் தபால்தலையே வந்தது. ரொட்டியின் நிறத்துக்காகக் காவிரிக்கரையார் ஒருவர் உழைத்திருக்க, நமக்குப் பங்கில்லை என்பது எப்படி?

இனி எங்கள் வீட்டுக் கதை. மூன்றாண்டுகளுக்கு முன் மழைக்காலத்தில் எங்கள் மனைவியார் குளியலறையில் வழுக்கி விழுந்து வலக்கை மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாக்கட்டு. முதல் மூன்று நாள் கடை ரொட்டி; நான்காம் நாள் குழந்தைகள் முகம் சுளித்தார்கள். ஐந்தாம் நாள் நாங்கள், அஃதாவது ஆபீசிலிருந்து திரும்பிய தகப்பனும் இரு பிள்ளைகளும், மாவின் முன் அமர்ந்தோம்.

ஒரு கிலோ ஆட்டாவுக்கு ஏறத்தாழ 600 மில்லி தண்ணீர், நாற்பது ரொட்டி. சக்கியில் அரைத்த மாவானால் இன்னும் சிறிது தண்ணீர் குடிக்கும். கல்லில் அரைபடும்போது மாவின் மணிகள் உடைந்து நீரை மிகுதியாக ஏற்கின்றன. இக்கணக்கெல்லாம் பின்னால் வந்தது. முதல் நாள் தண்ணீர் மிகுந்து மாவு கையை விடவில்லை; மாவைச் சேர்க்க, தண்ணீரைச் சேர்க்க, அண்டை வீட்டாருக்கும் ஆகுமளவு பெருகிவிட்டது. மகன் இட்ட ரொட்டி இலங்கைப் படம். மனைவியார் கட்டுப் போட்ட கையோடு வாசற்படியில் நின்று, “ஓரத்தைத் தேயுங்கள், நடுவை விடுங்கள்” என்று உத்தரவிட்டுக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ ஒரு புல்கா உப்பியது. கல்லில் இருபுறமும் காட்டி நெருப்பில் போட்டால், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து இரண்டு ஏடாகப் பிரிக்கிறது. ஓரம் கனத்தாலோ ஓர் ஊசித்துளை விழுந்தாலோ உப்பாது. மகள் கூவிக்கொண்டு அதை இடுக்கியோடு எடுத்துப் போய்த் தாயின் தட்டில் போட்டு நெய் தடவினாள். மனைவியார் உட்கார்ந்து இடக்கையால் பிட்டு உண்டார். உண்டுவிட்டு, “கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இந்த வீட்டில் நான் உட்கார்ந்துகொண்டு சூடாகத் தின்னும் முதல் ரொட்டி இது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

எங்களுக்கு அன்றிரவு அன்னையார் நினைவு வந்தது. நாற்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்று, ஒன்று இட்டு, ஒன்று சுட்டு, ஒன்று பரிமாறி, எல்லோரும் எழுந்தபின் மிஞ்சிய இரண்டை ஆறிப்போய் உண்டவர். சோறு ஒரே முறை வடித்துவிட்டால் எல்லோரும் சேர்ந்து உண்ணலாம். ரொட்டி அப்படியன்று, சூடாக உண்பவன் இருந்தால், சூட்டில் நிற்பவள் ஒருத்தி இருக்கவேண்டும். அவருக்கு ஒன்று சுட்டுப் போட எங்களுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அவர் 2018-இல் காலமானார்.

மனைவியார் கை நன்றாகக் கூடிவிட்டது. ஆயினும் மாலை ஷிப்ட் இல்லாத நாட்களில் பிசைவது நாங்கள், இடுவது மகன், இப்போது வட்டமாகவே வருகிறது, சுடுவது மகள். முதல் ரொட்டி யாருக்கு என்பதை வீட்டில் யாரும் கேட்பதில்லை.

நேரமாகிறது, தலைவர் அவர்கள் மணியைத் தொடுகிறார்கள். இன்றைய விருந்துக்காக மேடைக்குப் பின்னால் பதினைந்து கிலோ மாவு பிசைந்து ஈரத்துணி போட்டு வைத்திருக்கிறோம். நாங்கள் பேச எழுந்தபோது மூடியது. இப்போது பதமாக இருக்கும். கட்டைகள் இருபது இருக்கின்றன. தாய்மார்கள் இருக்கையிலேயே இருக்கட்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள் பின்கட்டுக்கு வரலாம்.