ஆள் தேடித் தருவோர்



தரகர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மக்களின் நினைவுக்கு வருபவர் இருவர். ஒருவர், மேல்துண்டால் கையை மறைத்து, விரல் பிடித்து விலை பேசும் மாட்டுத் தரகர். மற்றவர், சாதகக் கட்டோடு திண்ணையேறும் கல்யாணத் தரகர். இக்காலத்து நகரங்களில் மூன்றாமவர் ஒருவரும் இருக்கிறார். ஆளுக்கு வேலையும் வேலைக்கு ஆளும் பொருத்தி வைப்பவர் அவர். ஆள்சேர்ப்பு ஆலோசகர் என்பது அவர் பட்டம். கன்சல்டன்சிக்காரர் என்பது மக்கள் வழங்கும் பெயர். என்னிடம் பயின்ற சிலர் இத்தொழிலில் இருக்கின்றனர். அவர்கள் வாயிலாக அறிந்தவற்றை இன்று கூற விழைகிறேன்.

முதலில் அறிய வேண்டுவது, இவருக்குக் கூலி கொடுப்பவர் யார் என்பது. முன்னிரு தரகரும் இரு பக்கமும் தரகு பெறுவதுண்டு. இவரோ ஆள் வேண்டிய நிறுவனத்திடம் மட்டுமே பெறவேண்டியவர். நம் நாட்டில் பெருவழக்காக உள்ள கணக்கு 8.33 விழுக்காடு, அதாவது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 6,00,000 ரூபாய் ஆண்டுச் சம்பளத்தில் ஒருவரை அமர்த்தினால் ஏறத்தாழ 50,000 ரூபாய் வரும். கேட்பதற்கு இனிய தொகையே. ஆனால் அது கைக்கு வரும் வழி நெடிது.

இன்ன படிப்பு, இத்தனை ஆண்டு அனுபவம், இவ்வளவு சம்பளம் என்று நிறுவனம் தன் தேவையைத் தெரிவிக்கும். அதே தேவையை வேறு சில ஆலோசகர்களுக்கும் தெரிவித்திருக்கும். தக்க ஆளின் விவரக் குறிப்பை முந்தி அனுப்பியவருக்கே பெரும்பாலும் உரிமை. ஆகவே, இணையத்தில் குவிந்து கிடக்கும் குறிப்புகளைப் புரட்டுவதும், தொலைபேசியில் அழைத்து, இப்போது என்ன சம்பளம், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், எப்போது வந்து சேரமுடியும் என்று அதே மூன்று கேள்விகளைக் கேட்பதுமாக அவர் பொழுது கழியும்.

நியமனக் கடிதம் கிடைத்த பின்னும் கவலை தீராது. நம் நாட்டுக் கணினி நிறுவனங்கள் பலவற்றில், விலக விரும்புவோர் மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதற்குள் அக்கடிதத்தையே காட்டி, வேறோரிடத்தில் கூடுதல் சம்பளம் பேசிக்கொள்வோர் உண்டு. வேலையில் சேரவேண்டிய நாளன்று அவருடைய தொலைபேசி அணைந்திருக்கும். நாற்று விட்டு, நட்டு, களை பறித்தபின் அறுவடை நாளில் வயல் நீரில் மூழ்கியது போலத்தான். சேர்ந்தவர் சில மாதங்களுக்குள் விலகினாலும், வேறோர் ஆளைக் கூலியின்றித் தேடித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது வழக்கம்.

இவை அவர் படும் பாடு. அவரால் பிறர் படும் பாடும் ஒன்றுண்டு. தேர்வு பெறாதவரிடம் 'இல்லை' என்று சொல்வதற்கு எவரும் கூலி தருவதில்லை; ஆதலால் பலர் அதைச் சொல்வதேயில்லை. பள்ளியிறுதித் தேர்வு முடிவுகள் நாளிதழில் வெளிவந்த காலத்தில், தன் எண்ணைக் காணாத மாணவன் அன்றே தன் நிலையை அறிந்தான், அழுதான், பின்பு மறுதேர்வுக்குப் படித்தான். வேலை தேடும் இளைஞனோ, வாராத மறுமொழிக்காக வாரக்கணக்கில் காத்திருக்கிறான். தோல்வியினும் கொடியது இந்த நிலையறியாமை.

என் மாணவருள் ஒருவர் மாலைதோறும் அரைமணி நேரம் ஒதுக்கி, தேர்வு பெறாதவர்களை அழைத்துச் சொல்லிவிடுகிறார். 'கணக்கில் தடுமாறினீர்கள்', 'கேட்ட சம்பளம் மிகுதி' என்று காரணமும் கூறுகிறார். சிலர் சினந்து பேசுவர், பொறுத்துக்கொள்வார். ஆண்டுகள் கழித்து, அவர்களுள் சிலர் மேலாளர்களாகி, தமக்கு ஆள் வேண்டியபோது அவரையே நாடி வருகின்றனர்.

வேலை தேடுவோரிடம் காசு வாங்கலாகாது என்பது புதிய அறம் அன்று. போர் முடிந்து திரும்பிய படைவீரர்க்காக 1945-இல் நம் நாட்டில் தோன்றிய அரசு வேலைவாய்ப்பு நிலையங்கள் கட்டணமின்றியே பணிபுரிந்தன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் இயற்றிய 181-ஆம் உடன்படிக்கை, தனியார் நிலையங்களை ஏற்றுக்கொண்டது. ஆயினும் தொழிலாளரிடம் கட்டணம் பெறலாகாது என்பதைப் பொதுவிதியாக்கியது.

ஆகவே இளைஞர்களே, உள்நாட்டு வேலைக்குப் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடைக்கு முன்பணம் என்று எவரேனும் கேட்டால், அவர் ஆலோசகர் அல்லர் என்று துணிந்து விலகுங்கள். வெளிநாட்டு வேலையாயின், ஆள்சேர்ப்பு முகவர் அரசிடம் பதிவு பெறவேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் விதித்தது. பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கி, வெளியுறவு அமைச்சகத்தின் பட்டியலோடு ஒப்பிட்ட பின்னரே பாஸ்போர்ட்டைக் கொடுங்கள். செலுத்தும் தொகைக்கு ரசீது கேளுங்கள். கேட்க நாணி, தாயின் நகையை அடகு வைத்து இழந்த குடும்பங்கள் உண்டு.

ஆலோசகராய் இருப்போருக்கும் ஒரு சொல். உங்கள் கூலி நிறுவனத்திடமிருந்து வருகிறது. உங்கள் நற்பெயரோ, நீங்கள் 'இல்லை' என்று சொல்லி அனுப்பியவர்களிடமிருந்து வருகிறது. அந்த 'இல்லை'யை உரிய காலத்தில், காரணத்தோடு, கனிவாகச் சொல்லுங்கள்.