பாதியில் நின்ற மப்ளர்
(நமது சங்கத்தின் குளிர்காலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கோப்புகளோடு காலம் கழித்த என்னைப் பின்னல் வேலை பற்றிப் பேசச் சொன்னது வேடிக்கைதான்.

நாங்கள் 1970களில் தில்லிக்கு வந்தோம். என் மனைவி குவார்ட்டர்ஸ் புல்வெளியில், குளிர்கால வெயிலில், பஞ்சாபிப் பெண்மணிகளிடம் பின்னக் கற்றாள். அவள் காலமானபோது ஊசியில் ஒரு மப்ளர் பாதியில் நின்றது. அவிழ்க்க மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளிடம் கற்று, நானே முடித்தேன்.

முறை எளிது. 8-ஆம் நம்பர் ஊசி, அதாவது 4 மி.மீ.; 40 கண்ணிகள். எல்லா வரிசையும் நேர்ப்பின்னலே போடுங்கள். ஒரு வரிசை நேர், மறு வரிசை எதிர் என்று போட்டால் ஓரம் சுருண்டுகொள்ளும். மிகவும் இறுக்க வேண்டாம். இழைகளுக்கிடையே தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கதகதப்பின் ரகசியம் அதுதான்.

குல்லாய்க்குக் குஞ்சம் வேண்டுமா? மூன்று விரல் அகல அட்டையில் நூலை 100 சுற்று சுற்றி, அட்டையை உருவி, நடுவில் இறுகக் கட்டி, இரு பக்க வளையங்களையும் வெட்டி உருண்டையாகக் கத்தரியுங்கள். குழந்தைகள் பிய்த்து வாயில் போடாதபடி கெட்டியாகத் தைப்பது முக்கியம்.

இதோ, என் கழுத்தில் இருப்பது அந்த மப்ளர்தான். அவள் கண்ணிகள் சீரானவை, என்னுடையவை இறுகிப்போனவை. அவள் விட்ட இடம் தொட்டாலே தெரியும். அதை நான் திருத்தவில்லை.

ஆண்களும் ஊசியை எடுக்கலாம். கற்றுத்தர மனைவி அருகில் இருக்கும்போதே எடுங்கள்.