கடலடிச் சேறு சொல்லும் எரிமலைக் கதை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் கடல் புவியியலாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலேசியத் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் உயிருள்ள எரிமலை ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே எரிமலையைப் பற்றி நமக்கென்ன கவலை என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களைப் பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்குக்கு ஒருமுறை போய் வரச் சொல்வேன். அங்கே கோத்தா தம்பான் என்ற இடத்தில் ஆதிமனிதர்கள் கல்லைத் தட்டிக் கருவிகள் செய்த பட்டறை இருக்கிறது. அதோடு எரிமலைச் சாம்பலும் இருக்கிறது. அந்தச் சாம்பல் பேராக்கில் பிறந்ததல்ல. மலாக்கா நீரிணைக்கு அப்பால், வட சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது காற்றில் வந்து விழுந்தது. இன்று நாம் குடும்பத்தோடு சுற்றுலா போய்ப் படகில் சுற்றிவரும் தோபா ஏரி, அந்த வெடிப்பில் தரை இடிந்து இறங்கியதால் ஏற்பட்ட பள்ளம்தான். அதன் நீளம் சுமார் 100 கிலோமீட்டர், அகலம் 30 கிலோமீட்டர்.

சுமத்ராவில் இத்தனை எரிமலைகள் இருக்க, பக்கத்திலேயே உள்ள நமக்கு ஏன் ஒன்றுமில்லை? விடை சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால், கடலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே நீண்டதோர் அகழி ஓடுகிறது. இந்தியப் பெருங்கடலின் தரையாக இருக்கும் பாறைத்தட்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வேகத்தில், நம் விரல் நகம் வளர்வதைவிடச் சற்றுக் கூடுதலாக நகர்ந்து, அந்த அகழி வழியாகச் சுமத்ராவின் அடியில் அமிழ்கிறது. போகும்போது வெறுங்கையோடு போவதில்லை. கடலடிச் சேற்றையும், கனிமங்களுக்குள் பூட்டிக் கிடக்கும் நீரையும் சுமந்துகொண்டு போகிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போனதும் அந்த நீர் கழன்று மேலே உள்ள சூடான பாறைக்குள் ஏறுகிறது.

தண்ணீர் பட்டால் பாறை குளிர வேண்டும் என்றுதானே நினைப்போம்? நடப்பது நேர்மாறு. வெல்லக்கட்டியை வெறும் வாணலியில் போட்டால் இளக நேரமாகும், அடியும் பிடிக்கும். ஒரு கை தண்ணீர் தெளித்தால் சீக்கிரமே பாகாகிவிடும். முழுக்கப் பொருந்தும் உவமை அல்ல, ஆனாலும் விஷயம் விளங்கும். நீர் கலந்த பாறை, உலர்ந்த பாறையைவிடப் பல நூறு பாகை குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். உருகிய குழம்பு மேலெழும்பி எரிமலையாகிறது. 400 ஆண்டுகள் உறங்கி 2010இல் விழித்த சினாபோங்கும், 2023 டிசம்பரில் மலையேறச் சென்ற 24 பேரைப் பலிகொண்ட மராப்பியும் இந்த வரிசையில் உள்ளவைதான். தீபகற்பம் இந்த வரிசைக்கு வெளியே அமைந்திருக்கிறது. அவ்வளவுதான் நம் அதிர்ஷ்டம்.

சரி, எரிமலையைப் படிக்க மலைக்குப் போகாமல் கடலுக்கு ஏன் போகிறீர்கள் என்று கேட்பார்கள். எண்ணெய் தேடுகிறோம் என்று நினைப்பவர்களும் உண்டு! நம் பக்கத்து மழையை நினைத்துப் பாருங்கள். தரையில் விழும் சாம்பலை மழை கழுவுகிறது, ஆறு அள்ளிப் போகிறது, காடு மூடுகிறது. மலையின் மேலேயோ, அடுத்த வெடிப்பு முந்தையதைப் புதைத்துவிடும். ஆழ்கடலில் இந்தத் தொல்லைகள் குறைவு. நுண்ணுயிர்களின் ஓடுகள் மிக மெதுவாக, ஆயிரம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் என்ற அளவில் படிகின்றன. இடையில் ஒரு வெடிப்பு நடந்தால் அதன் சாம்பல் தனிப் படிவமாகப் பதிந்துவிடும். அந்தச் சாம்பல் உண்மையில் கண்ணாடித் துகள். ஒவ்வொரு எரிமலையின் கண்ணாடிக்கும் ஒரு வேதியியல் கைரேகை உண்டு. எந்த மலை, எந்தக் காலம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

1988இல் ஆய்வுக் கப்பல் ஒன்று தோபாவுக்கு மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 3 கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் துளையிட்டது. மேலே வந்த மண் உருளைகளில் 74,000 ஆண்டுச் சாம்பல் இருந்தது. அதற்கும் கீழே, சுமார் 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தோபா வெடித்தபோது விழுந்த சாம்பலும் இருந்தது. தோபா ஒருமுறை வெடித்து ஓய்ந்த மலையல்ல என்பதற்குக் கடல் தரும் சாட்சி அது.

அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அதன் பெயர் ஜோய்ட்ஸ் ரெசொல்யூஷன். 143 மீட்டர் நீளம். நடுவில் ஒரு கோபுரம், அதன் கீழே கப்பலின் வயிற்றில் ஒரு திறப்பு. அந்தத் திறப்பின் வழியே குழாய்களை ஒன்றோடொன்று முடுக்கி இறக்குவார்கள். நங்கூரம் கிடையாது. அத்தனை ஆழத்தில் நங்கூரம் எங்கே எட்டும்? பன்னிரண்டு உந்துவிசைப் பொறிகள் சுழன்று சுழன்று கப்பலை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும். சுமார் ஒன்பதரை மீட்டர் நீளமுள்ள மண் உருளை ஒவ்வொன்றாக மேலே வரும். அதை ஒன்றரை மீட்டர் துண்டுகளாக்கி, நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி ஆய்வுக்கு, மறு பாதி காப்பகத்துக்கு. இரவும் பகலும் பன்னிரண்டு மணி நேர முறைவைத்து இரண்டு மாதம் இந்த வேலை நடக்கும்.

இதே கப்பல் 2014இல் ஜப்பானுக்குத் தெற்கே இசு போனின் தீவு வரிசையை ஒட்டி மூன்று பயணங்கள் அடுத்தடுத்துச் சென்றது. அங்கே ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் முதன்முதலில் அமிழத் தொடங்கிய காலத்து எரிமலைப் பாறைகளை எடுத்தார்கள். வயது சுமார் 5 கோடியே 20 லட்சம் ஆண்டு. எரிமலை வரிசை ஒன்றின் பிறப்புச் சான்றிதழ் என்றே சொல்லலாம்.

நம்மை நேரடியாகத் தொடும் பயணம் 2016இல் நடந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கப்பல் கொழும்பிலிருந்து புறப்பட்டு, அக்டோபரில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுமத்ரா நிலநடுக்கமும் சுனாமியும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மலேசியாவிலும் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பினாங்கில். அந்த அலை ஏன் அவ்வளவு பெரிதாக எழுந்தது என்பதே ஆய்வாளர்களின் கேள்வி. பொதுவாக அகழிக்கு அருகிலுள்ள மேல்மட்டச் சேறு நீர் நிறைந்து தொளதொளவென்று இருக்கும். நிலநடுக்கம் அதுவரை வராது என்று நம்பியிருந்தார்கள். 2004இல் அது அகழிக்கு அருகில் வரை பாய்ந்து, கடல்தரையைத் தூக்கிவிட்டது.

4 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீருக்கு அடியில், ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டார்கள். வந்தது பெரும்பாலும் இமயமலை மண். கங்கையும் பிரம்மபுத்திராவும் அரித்துக் கொண்டுவந்து வங்கக்கடலில் சேர்த்தது, கடலடியிலேயே தெற்கே நகர்ந்து சுமத்ரா வரை வந்திருக்கிறது. சுமார் 95 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அதன் வரத்து திடீரென்று பெருகியிருக்கிறது. அகழியை நெருங்கும்போது இந்தச் சேற்றின் கனம் 4, 5 கிலோமீட்டர்.

இங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. அடிப்பகுதியில், சேற்றுத் துகள்களுக்கு இடையே இருந்த நீர், வழக்கமான கடல்நீரைவிட உப்புக் குறைந்து காணப்பட்டது. அப்படியானால் கனிமத்திலிருந்து நன்னீர் கசிந்து கலந்திருக்க வேண்டும். சிலிக்கா எனும் கனிமத்தில் பூட்டிக் கிடந்த நீர், மேலே குவிந்த மண்ணால் மூடப்பட்டுச் சூடேறி, அகழியை அடையும் முன்பே வெளியேறிவிட்டது. நீர் போன சேறு இறுகிப் பலமாகிவிட்டது. பலமான பாறை விசையைச் சேர்த்துவைத்து ஒரேயடியாக உடையும். பிரேமன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆந்த்ரே ஹுப்பர்சும் குழுவினரும் இதை 2017 மே மாதம் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். இமயமலையில் பெய்த மழைக்கும் பினாங்குக் கடற்கரையில் ஏறிய அலைக்கும் இப்படியொரு தொடர்பு! பாகிஸ்தான், ஈரான் கரையோரத்து மக்ரான் போல, கனத்த சேறு அமிழும் மற்ற இடங்களையும் இதே கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும் என்று அக்குழு எச்சரித்தது. எரிமலைகளுக்குத் தீனியாகும் நீர் வேறு. அது இன்னும் ஆழமான கனிமங்களில் ஒட்டிக்கொண்டு கீழே போகிறது.

இத்தனையும் சொன்ன கப்பல் இப்போது ஆய்வில் இல்லை. 1985இல் பணியைத் தொடங்கிய ஜோய்ட்ஸ் ரெசொல்யூஷனுக்கு அமெரிக்க அறிவியல் அறக்கட்டளை நிதியை நீட்டிக்கவில்லை. 2024இல் அதன் ஆய்வுப் பயணங்கள் முடிந்துவிட்டன. செலவு அதிகம் என்பது உண்மைதான். ஆனால், கடலடியைத் துளைப்பது தேவையற்ற ஆடம்பரம் என்று சுமத்ராவுக்கு எதிரே வாழும் நம்மால் சொல்ல முடியாது. ஜப்பானும் ஐரோப்பாவும் 2025இல் தொடங்கிய புதிய கூட்டுத் திட்டமும், ஜப்பானின் சிக்யூ கப்பலும் இருக்கின்றன என்பது ஓரளவு ஆறுதல். சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பூமி ஆய்வுக்கூடம் சுமத்ராவின் நிலநடுக்கங்களையும் எரிமலைகளையும் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது.

எடுத்த மண் எங்கும் போய்விடவில்லை. இந்தியப் பெருங்கடலில் எடுத்த உருளைகள் ஜப்பானின் கொச்சி நகரக் காப்பகத்தில், 4 பாகைக் குளிரில் அடுக்கப்பட்டுள்ளன. நம் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தகுந்த காரணம் காட்டி விண்ணப்பித்தால், கப்பலில் ஏறாமலேயே அதிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணைப் பெற்று ஆராயலாம். எப்படி விண்ணப்பிப்பது என்று தெரிந்துகொள்ள விரும்பும் மாணவர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் கேட்கலாம்.